வேலிக்கு வெளியே சந்தியாகு

காப்பி வேண்டாம், சுவாமி. ஆறரைப் பூசையில் நற்கருணை வாங்க வேண்டும். மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும் என்று ரோமாபுரியில் சட்டத்தைத் தளர்த்தி ஆறு வருஷம் ஆகிறது, தெரியும். தளர்த்தியதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. நான் இன்னமும் பழைய முறைதான். நீங்கள் குடியுங்கள். மணியடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல அது போதும்.

நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பழைய சாவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு முன் இருந்தவர்கள் அதைத் தூசி தட்டியதுகூட இல்லை. 1957, தபசுகாலம், சந்தியாகு, வயது ஐம்பத்திரண்டு, 'அவஸ்தைப்பூசுதலை மறுத்து இறந்தான்' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். ஆனால் அவனோடு வாழ்ந்த தங்கம் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றுதான் சொன்னார், சாமிதான் மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார் என்று. இரண்டில் எது உண்மை என்று கேட்டீர்கள். இரண்டுமே இல்லை.

சந்தியாகுவை உங்களுக்குத் தெரியாது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரன். கெர்பாவ் ரோட்டில், அழகப்பனுடைய மாவு மில்லுக்கு மேலே குடியிருந்தான். ஆள் பெரிய உடம்பு. கோழிக் குருமா மிச்சமானால் இரண்டு தூக்கில் கொண்டுவந்து மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் போடுவான். இறைச்சி தொடக் கூடாத தபசுகாலத்து வெள்ளிக்கிழமையா என்று பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிரசங்கம் முடிந்த பிறகு வருவான், கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு நிற்பான், ஆசீர்வாதத்துக்கு முன்பே கள்ளுக்கடைப் பக்கம் நழுவிவிடுவான். ஆனால் கோவில் முற்றத்தில் பத்துப் பேர் கூடி நின்று சிரிக்கிறார்கள் என்றால் நடுவில் அவன்தான் இருப்பான். எனக்கு அது புரிந்ததே இல்லை.

நான் காரைக்காலிலிருந்து வந்தவன். அங்கே சுவாமிமார்களின் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். இங்கே உபதேசியாராக முப்பத்தொரு வருஷம். காலை நாலரைக்கு எழுந்து கோவில் கதவைத் திறக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு நாள்தான் அது தவறியது, இரண்டும் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்கள். கள் குடித்ததில்லை, சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் புதியவர், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்து கேட்க வேண்டும் அல்லவா.

தலையான பாவங்கள் ஏழு என்று சொல்லிக்கொடுக்கும்போது நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். விரலுக்கு ஒன்று. வலது கை கட்டை விரல் ஆங்காரம். பிறகு லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம். இடது கைக்கு வந்தால் காய்மகாரம் என்கிற பொறாமை, சோம்பல். விரலைத் தொட்டுக்கொண்டு சொன்னால் சாகும்வரை மறக்காது. தினமும் படுக்கப்போகும் முன் நானும் அப்படித்தான் என்னைச் சோதித்துக்கொள்கிறேன். கோபத்தில் மட்டும் சில நாள் விரல் நின்றிருக்கிறது. ஆனால் நியாயமான கோபம் பாவமாகாது. நம் ஆண்டவரே கோவிலில் சாட்டையைக் கையில் எடுத்தவர்தானே.

1951இல் தேர்த் திருவிழா முடிந்து முற்றத்தில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சந்தியாகு ஒரு துண்டை என்னைப்போலவே தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தான். என் குரலிலேயே விரலைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனான். "ஆங்காரம். அது நம்மகிட்ட கொஞ்சம் கம்மி. லோபித்தனம். அதுக்குக் கையில காசு வேணும்லா. மோகம். அத இங்க வச்சுப் பேசக் கூடாது. போசனப்பிரியம்..." என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். பந்தியே சிரித்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நம்ம உபதேசியாரண்ணன்தான் பாவம். இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காரு, ஒண்ணக்கூட அனுபவிக்கல," என்றான்.

அதில் கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிறகு அவனே என் இலைக்கு வந்து, "கோச்சுக்காதீங்கண்ணே," என்று இன்னும் இரண்டு கறித்துண்டு போட்டான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன். ஆனால் அன்றைக்கு என் மனைவி சிரித்த சத்தம் காதில் விழுந்தது. கண்ணில் நீர் வர, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவளும் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தத் திருவிழாவுக்குப் பிறகும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் அவன் தங்கத்தை அழைத்துக்கொண்டு வந்தான். அவள் அப்போது இந்து, புருஷன் இறந்தவள், அழகப்பன் மில் வாசல் அஞ்சடி நடைபாதையில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கோவிலில் முறைப்படி மெய்விவாகம் செய்துவைக்க வேண்டும் என்று கேட்டான். நல்ல விஷயம்தானே. ஞானோபதேசம் மனப்பாடமாகச் சொன்னால் சாமியிடம் சிபாரிசு செய்கிறேன் என்றேன். நான்கு மாதம் படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், காதால் கேட்டே கற்றுக்கொண்டாள். பரீட்சையில் எல்லா ஜெபமும் சொன்னாள். சர்வேசுவரன் கட்டளையிட்ட பத்துக் கற்பனையும் சொன்னாள். தலையான பாவங்களில் நான்காவதில் நின்றுவிட்டாள். "ஒண்ணு விட்டுப்போச்சு உபதேசியாரே, நாக்குல நிக்குது, வர மாட்டேங்குது," என்றாள்.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னேன். வந்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். பயத்தில்தான் நின்றாள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது என்றால் அடியெடுத்துக் கொடுத்திருப்பேன், சுவாமி. கொடுத்தும் இருக்கிறேன், எத்தனையோ பேருக்கு. அவளுக்குக் கொடுக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்தான். அதன் பிறகு அவர்கள் கேட்கவில்லை. அவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குக் குடிபோய்விட்டாள். ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தார்கள். சந்தியாகு நற்கருணை வாங்குவதை நிறுத்திவிட்டான், அந்த மட்டுக்கும் அவனுக்குப் பயம் இருந்தது. கோவிலுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. அதே கடைசித் தூண், அதே சிரிப்பு.

ஐம்பத்தேழில் அவன் ஈரல் கெட்டு விழுந்தான். நம்முடைய தமிழ்ச் சாமி அப்போது விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்தவர் வயதான பிரெஞ்சுச் சாமி. சீனாவில் முப்பது வருஷம் இருந்து, கம்யூனிஸ்டுகள் துரத்தி இங்கே வந்தவர். சீனம் நன்றாகப் பேசுவார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவர் சொல்வதைத் தமிழிலும் மற்றவர்கள் சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். அழகப்பன் வந்து கூப்பிட்டார். சாமியை அழைத்துக்கொண்டு போனேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, மிளகாய் நெடி மாடிவரைக்கும் வந்தது. சந்தியாகு பாயில் கிடந்தான். அவ்வளவு பெரிய உடம்பு வற்றிப்போய், வயிறு மட்டும் வீங்கியிருந்தது. கண் மஞ்சள். தங்கம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், அழகப்பன் வாசற்படியில் நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாங்கண்ணே. கடைசியில ஏழும் சேர்ந்து என்னப் புடிச்சிருச்சு," என்றான்.

வழியிலேயே எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், நான்தானே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்து நிமிஷம். சாமி இரண்டு கேள்வி கேட்பார், இவன் இரண்டு பதில் சொல்வான், நெற்றியில் அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் பூசுவார். முப்பது வருஷம் தின்றதும் குடித்ததும் கும்மாளம் போட்டதும் ஐந்து நிமிஷத்தில் கழுவிப்போய்விடும். இவன் சிரித்துக்கொண்டே மோட்சத்துக்குள் நுழைவான். நான் இருபத்தைந்து வருஷமாக நாலரை மணிக்கு எழுந்து, முட்டி தேய்ந்து, வாயைக் கட்டி, கையைக் கட்டி எந்த இடத்துக்குப் போக உழைக்கிறேனோ அதே இடத்துக்கு. அங்கேயும் நடுவில் நின்று என்னைப்போல் பேசிக் காட்டுவான், சம்மனசுகள் சிரிப்பார்கள். இது நியாயமா என்று நான் யாரிடம் கேட்பது? சொல்லுங்கள், சுவாமி. கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்த அந்தத் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையை மட்டும் சொல்லாதீர்கள். அதை நானே நூறு தடவை விளக்கியிருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு முன்னால் சாமி எல்லார் முன்னிலையிலும் ஒரு கேள்வி கேட்டார். இது ஊரறிந்த பாவம், ஆகவே ஊரறியப் பதில் வேண்டும் என்றார். இந்தப் பெண்ணோடு முறையில்லாமல் வாழ்ந்ததற்கு மனஸ்தாபப்படுகிறானா, முறைப்படுத்தச் சம்மதிக்கிறானா என்று கேள். நான் அதை வார்த்தை மாறாமல் தமிழில் கேட்டேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"சரிண்ணே. மனசறிஞ்சு வருத்தப்படுறேன். சாமி சொன்னா இப்பவே, இந்தப் பாயிலேயே தாலி கட்டுறேன். இவளுக்கு மொதல்ல ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க," என்றான் சந்தியாகு. தங்கம் அழத் தொடங்கினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். நாம் சரி என்பதற்கு ஆட்டுவோமே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அப்படி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படி ஆட்டினால் முடியாது என்று அர்த்தம். சீனர்களுக்கும் அப்படித்தான். சாமியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் நான் எதுவும் முடிவு செய்யவில்லை, சுவாமி. சத்தியமாகச் சொல்கிறேன். அவன் தலை ஆடியது, சாமி தவறாக எடுத்துக்கொண்டார். நான் செய்ததெல்லாம் அதைத் திருத்தாமல் விட்டது. பிறகு சாமி என் வாயைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். நான் பிரெஞ்சில் சொன்னேன்: வருத்தம் ஒன்றும் இல்லையாம், இவளோடு வாழ்ந்ததுதான் தன் வாழ்க்கையில் நல்ல காலமாம், முறைப்படுத்த அவசியம் இல்லையாம், சிரித்துக்கொண்டே சொல்கிறான் பாருங்கள்.

சாமி இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். சந்தியாகு இன்னும் பலமாகத் தலையை ஆட்டினான். "ஆமாண்ணே, ஆமா, ஆமா," என்றான். மூச்சு வாங்கியது. அப்போதும் சிரிப்பு மட்டும் குறையவில்லை. சாமி எண்ணெய்ச் சிமிழை மூடிப் பைக்குள் வைத்தார். யோசிக்கச் சொல், மனம் மாறினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மறு வருஷம் பிரான்சுக்குத் திரும்பிப் போய் அங்கேயே இறந்துவிட்டார்.

தங்கம் உங்களிடம் சொன்னது அவள் அறிந்த உண்மை. சாமி ஏன் போகிறார் என்று அவள்தான் முதலில் கேட்டாள். சாமிக்கு இஷ்டமில்லை, இத்தனை வருஷம் அலட்சியமாக இருந்தவனுக்குப் பொறுத்தல் கிடையாது என்கிறார் என்றேன். பதிவேட்டில் நான் எழுதியது சாமி அறிந்த உண்மை. இரண்டு பக்கமும் அவரவர் நம்பியதில் பொய் இல்லை. நடுவில் இருந்தவன் நான்.

சாயங்காலம் அழகப்பன் மறுபடி கோவிலுக்கு ஓடிவந்தார். "ஆள் இழுத்துக்கிட்டு இருக்கான். சாமிய ஒரு தடவ கூப்பிடுங்க லா. நான் கால்ல விழுந்து கேக்குறேன்," என்றார். அவர் முருகன் கோவிலுக்குப் போகிறவர், இதில் அவருக்கு என்ன அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. சாமி ஜொகூருக்குப் போய்விட்டார் என்றேன். சாமி மேல்மாடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குச் சந்தியாகு இறந்தான். கல்லறைத் தோட்டத்தில் வேலிக்கு வெளியே, ஜெபம் சொல்லி மந்திரிக்காத மண்ணில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. முற்றத்தில் அவனோடு சேர்ந்து சிரித்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை.

அடுத்த மாதம் தங்கம் என்னிடம் வந்தாள். ஞானோபதேசம் படிக்க வேண்டும் என்றாள். அவருக்காக வேண்டிக்கொள்ள ஒரு ஆளாவது வேண்டாமா என்றாள். இந்தத் தடவை ஏழையும் ஒரே மூச்சில் சொன்னாள், நான்காவதில் தயங்கவே இல்லை. நான்தான் அவளைத் தயார் செய்து ஞானஸ்நானத்துக்கு அனுப்பினேன். ஆறு வருஷமாகத் தினமும் முதல் பெஞ்சில் இருக்கிறாள். அவளைப்போல் ஒரு மாணாக்கி எனக்கு வாய்த்ததில்லை.

இப்போது வயிற்றில் கட்டி, சித்திரை தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முந்தாநாள் உங்கள் அறையிலிருந்து வெளியே வந்தவளிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். "என்னையும் வேலிக்கு வெளிய, அவரு பக்கத்துலயே போடச் சொல்லிக் கேட்டேன் உபதேசியாரே. சின்னச் சாமி மாட்டேன்னு சொல்லல," என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். அவர் எங்கே கிடக்கிறாரோ அங்கேயே நானும் என்கிறாள். நரகத்தில் என்றாலும் சரி என்கிறாள். ஞானஸ்நானம் பெற்றவள் பேசுகிற பேச்சா இது? ஒருவன் அப்படி என்னதான் செய்துவிட்டான், மண்ணுக்குள் போய் ஆறு வருஷம் ஆகியும் அவனுக்காக ஒருத்தி மோட்சத்தை உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறாள்? எனக்கு அன்று இரண்டு வேளைச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் வந்தேன். நான் தயார் செய்து அனுப்பியவர்களில் இதுவரை ஒருவர்கூட மந்திரிக்காத மண்ணில் இல்லை. தங்கம் முதல் ஆளாக இருக்கக் கூடாது. அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். அவனை எடுத்து உள்ளே வைப்பீர்களோ, அந்த இடத்தையே மந்திரிப்பீர்களோ, அது உங்கள் பாடு. பதிவேட்டில் திருத்தி எழுதவும் நான் தயார். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. சாமி இல்லாவிட்டால் என்ன, பாவத்துக்காக மனதார வருந்துகிற உத்தம மனஸ்தாபம் இருந்தால் சர்வேசுவரன் நேரடியாகவே மன்னித்துவிடுவாரே என்று. அது எனக்குத் தெரியாதா, சுவாமி? நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அன்றைக்கே எனக்கு அது நினைவுக்கு வந்தது. அதனால்தான் சாமி படியிறங்கிய பிறகும் நான் போகவில்லை. தங்கத்தைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, அவன் காதருகே குனிந்தேன். உனக்கு மன்னிப்பு கிடையாது, கடவுளிடமும் கிடையாது, சாமி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார், இனி ஜெபித்துப் பிரயோஜனம் இல்லை என்று சொன்னேன். நம்பிக்கை அறுந்துபோய்ச் சாகிறவனுக்கு மனஸ்தாபம் நிற்காது. அதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

அப்போது அவன் சிரிப்பு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் பயப்பட்டதை நான் பார்த்தேன், சுவாமி, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தான். எலும்பாக இருந்த அந்தக் கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க எனக்காக ஒரு வார்த்த வேண்டிக்குங்கண்ணே. நீங்க கேட்டா அவரு தட்ட மாட்டாரு. ஒங்கள மாதிரி ஒரு மனுசன் இந்த ஊர்ல யாரு இருக்கா," என்றான். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

அந்த ஒரு வார்த்தை இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், சுவாமி. கோவில் வேலைக்கு நடுவில் நேரம் கிடைக்கவில்லை.